ஒப்புநோக்கலும் கையடக்கச் சேமிப்பகமும்: ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரக் களப்பணியில் காணொளித் தரவுகளைப் படியெடுத்தல்

ஆய்வுச்சுருக்கம்

நாட்டார் நிகழ்த்துகலைகளையும் கோயில் விழாக்களையும் ஆராய்வோர் இன்று காணொளிப் பதிவையே முதன்மைத் தரவாகக் கொள்கின்றனர். கேமராவின் நினைவக அட்டை நிரம்பியதும் அதிலுள்ள கோப்புகளைக் கையடக்கச் சேமிப்பகத்திற்கு மாற்றி, அட்டையைத் துடைத்து மீண்டும் பயன்படுத்துவது களத்தில் நாள்தோறும் நிகழ்வது. இச்செயல் ஆய்வேடுகளின் முறையியல் இயலில் இடம்பெறுவதில்லை. படியெடுத்தலுக்கும் அட்டையைத் துடைத்தலுக்கும் இடையில் ஒப்புநோக்கல் என்னும் ஒரு படி இருந்தாக வேண்டும் என்பதையும், அதனைக் களச்சூழலில் எவ்வாறு நிறைவேற்றலாம் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது. விருதுநகர் மாவட்டத்தின் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூர விழாவும் ராஜபாளையம் வட்டார வில்லுப்பாட்டு நிகழ்த்துதலும் இதற்குரிய களங்களாக எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன.

திறவுச்சொற்கள்: களப்பணி, வில்லுப்பாட்டு, ஆடிப்பூரம், நினைவக அட்டை, கையடக்கச் சேமிப்பகம், ஒப்புநோக்கல், ஆவணமாக்கம்.

முன்னுரை

நாட்டார் வழக்காற்றியலில் தரவு சேகரிப்பு பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் தகவலாளியைத் தேர்ந்தெடுத்தல், நேர்காணல் நுட்பம், பங்கேற்று உற்றுநோக்கல், நிகழ்த்துதல் சூழல் என்பவற்றைச் சுற்றியே அமைந்துள்ளன. கருவிகள் பற்றிய பேச்சு, 'கேமரா, ஒலிப்பதிவுக் கருவி ஆகியவற்றின் துணையுடன் தரவுகள் திரட்டப்பட்டன' என்னும் ஒற்றை வாக்கியத்தில் முடிந்துவிடுகிறது. ஒலிநாடாவும் ஒளிநாடாவும் வழங்கிய காலத்தில் அவ்வொரு வாக்கியம் போதுமானதாகவே இருந்தது. 1990களின் நடுப்பகுதியிலிருந்து பரவலான மினி டி.வி. நாடாவை எடுத்துக்கொள்வோம். 60 நிமிட நாடா ஒன்று நிரம்பியதும் அதனைக் கேமராவிலிருந்து எடுத்து, மேலுறையில் ஊரும் தேதியும் எழுதி, அழிப்புத் தடுப்பு விசையைத் தள்ளி, பெட்டியில் வைத்துவிட்டால் போதும். பதிவாகிய பொருளும் பாதுகாக்கப்படும் பொருளும் ஒன்றே. அதே நாடாவில் மறுபடி பதிவு செய்யும் எண்ணம் பொறுப்புள்ள ஆய்வாளருக்கு எழாது. நாடாவின் விலையும் அதற்கு இடம் தந்தது.

நினைவக அட்டை இந்த ஒருமையைப் பிரித்துவிட்டது. அட்டை என்பது பதிவு தற்காலிகமாகத் தங்கும் இடம். அதிலுள்ளவை வேறோரிடத்திற்குச் சென்றாக வேண்டும். சென்றபின் அட்டை துடைக்கப்பட்டு அடுத்த பதிவுக்கு ஆயத்தமாக வேண்டும். ஆகவே மூலத்தைப் படியெடுத்து மூலத்தை அழிக்கும் செயலை ஒவ்வொரு களப்பணியாளரும், பெரும்பாலும் நள்ளிரவில், தூக்கக் கலக்கத்தில், எவ்விதப் பயிற்சியும் இன்றிச் செய்துகொண்டிருக்கிறார். சுவடிப் பதிப்பில் இத்தகைய செயலுக்கு எத்துணைக் கட்டுப்பாடுகள் உண்டு என்பதைத் தமிழாய்வாளர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. காணொளிக்கு அக்கட்டுப்பாடு எதுவும் இல்லாதிருப்பதே இக்கட்டுரைக்குக் காரணம்.

ஓரிரவின் கணக்கு

சேமிப்பகத்தைப் பற்றிப் பேசுமுன் தரவின் அளவைக் கணக்கிட்டுக்கொள்வது நலம். கேமராக்களின் பதிவுத் தரம் நொடிக்கு இத்தனை மெகாபிட் என்று குறிக்கப்படுகிறது. எட்டு பிட் ஒரு பைட் ஆதலின் அதனை எட்டால் வகுத்தால் நொடிக்குரிய மெகாபைட் கிடைக்கும். நொடிக்கு 24 மெகாபிட் தரத்திலான பழைய ஏ.வி.சி.எச்.டி. பதிவு மணிக்கு ஏறத்தாழ 11 ஜிகாபைட் இடத்தைக் கொள்ளும். 50 மெகாபிட் முழு எச்.டி. பதிவு மணிக்கு 22.5 ஜிகாபைட், 100 மெகாபிட் 4கே பதிவு மணிக்கு 45 ஜிகாபைட். இதன்படி 64 ஜிகாபைட் அட்டையொன்று முறையே ஏறத்தாழ ஆறு மணி நேரத்திலும், இரண்டு மணி 50 நிமிடத்திலும், 85 நிமிடத்திலும் நிரம்பிவிடும்.

ராஜபாளையத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் அம்மன் கோயில் பொங்கல் விழாக்களையொட்டி நிகழும் வில்லுப்பாட்டு இரவு பத்து மணியளவில் தொடங்கினால் விடியும்வரை நீளும். காப்பு, வருபொருள் உரைத்தல், குருவடி, அவையடக்கம் எனத் தொடங்கிக் கதைக்குள் நுழைந்து வாழி பாடி முடிக்கும் எட்டு மணி நேரத்திற்கு மேற்பட்ட நிகழ்த்துதலை முழு எச்.டி.யில் பதிந்தால் ஏறத்தாழ 190 ஜிகாபைட் வரும்; 4கே எனில் அதன் இருமடங்கு. 4கே தரம் இத்தகைய களத்திற்குத் தேவையா என்பதே முதற்கேள்வியாக இருக்க வேண்டும். பாடகரின் வாயசைவு, வீசுகோலின் இயக்கம், உடுக்கையில் விரல் விழும் முறை ஆகியவற்றை ஆராய முழு எச்.டி. போதும். கூட்டத்தின் நடுவில் ஒருவரை அருகிட்டுக் காண வேண்டிய தேரோட்டம் போன்றவற்றில் 4கே உதவும். தரத்தைக் கூட்டுவது அட்டை நிரம்பும் வேகத்தைக் கூட்டுவதாகும். அட்டை விரைந்து நிரம்பினால் படியெடுத்தலும் அவசரப்படும். பிழைகள் அவ்வவசரத்தில்தான் நேர்கின்றன.

ஓர் இழப்பு

இக்கட்டுரையாளரின் களப்பணியில் நேர்ந்த இழப்பொன்றை இங்குப் பதிவுசெய்வது பொருத்தமாகும். ராஜபாளையத்திற்குத் தெற்கே ஒரு சிற்றூரில் வில்லுப்பாட்டைப் பதிவு செய்தபோது கைவசம் இருந்தவை இரண்டு 64 ஜிகாபைட் அட்டைகளும் ஒரு கையடக்கச் சேமிப்பகமும். மடிக்கணினியின் மின்கலம் முன்மாலையிலேயே தீர்ந்துவிட்டது. பந்தலுக்கு வந்த மின்சாரம் சீரியல் விளக்குகளுக்கும் மைக் செட்டுக்கும் சரியாக இருந்தது. கேமராவுக்கு மட்டும் ஓர் இணைப்பு கிடைத்தது. முதல் அட்டை 12.50 மணிக்கு நிரம்பியது. இரண்டாம் அட்டையைக் கேமராவில் இட்டபின், கைப்பேசியில் அட்டைப் படிப்பானையும் சேமிப்பகத்தையும் இணைத்து முதல் அட்டையைப் படியெடுக்கத் தொடங்கி, கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டு மீண்டும் கேமராவின் பின்னால் நிற்க நேர்ந்தது.

மூன்றே முக்கால் மணியளவில் இரண்டாம் அட்டையும் நிரம்பும் நிலைக்கு வந்தது. சேமிப்பகத்தைத் திறந்து பார்த்தபோது முதல் அட்டையிலிருந்த எல்லாக் கோப்புகளின் பெயர்களும் அங்கே வரிசையாக இருந்தன. முதல் அட்டை கேமராவிலேயே ஃபார்மட் செய்யப்பட்டுப் பதிவு தொடர்ந்தது.

ஊர் திரும்பிய பிறகே கடைசிக் கோப்பு திறக்கவில்லை என்பது தெரிந்தது. கைப்பேசியின் திரை அணைந்ததும் பின்னணியில் ஓடிய கோப்புச் செயலியை இயங்குதளம் இடையில் நிறுத்தியிருக்கிறது. கோப்பின் பெயர் உருவாகிவிட்டது. உள்ளடக்கம் பாதியில் நின்றுவிட்டது. எம்பி4 வடிவக் கோப்பில் எந்தச் சட்டகம் எங்கே உள்ளது என்பதைக் கூறும் அட்டவணை, பெரும்பாலான கேமராக்களில், பதிவு முடிந்தபின் கோப்பின் இறுதியில் எழுதப்படுகிறது. இறுதிப் பகுதி வந்து சேராத கோப்பில் அட்டவணை இராது; ஆகவே வந்து சேர்ந்த பாதியையும் இயக்க முடியாது. ஃபார்மட் செய்த அட்டையிலிருந்து போட்டோரெக் போன்ற மென்பொருளால் கோப்புகளை மீட்பது பல வேளைகளில் இயலும். எனினும், விடியும்வரை ஓடிய புதிய பதிவு அட்டையின் பெரும்பகுதியை மேலெழுதிவிட்டிருந்தது.

இழந்தது 38 நிமிடப் பதிவு. நள்ளிரவில் கதையின் உச்சத்தில் உடுக்கையின் கதி மாறிச் சாமி இறங்கும் பகுதி அதில் இருந்தது. தனியே ஓடிக்கொண்டிருந்த ஒலிப்பதிவுக் கருவியால் பாடல் உரை தப்பியது. ஆனால் பாடகர் அருள் வந்தவரை நோக்கி எப்போது திரும்பினார், எந்த அடியில் பாட்டை நிறுத்தி வசனத்திற்கு மாறினார், கூட்டம் எப்போது எழுந்தது என்பனவற்றை ஒலி சொல்லாது. ஆய்வேட்டின் ஓர் இயல் அந்த உறவைப் பற்றியது. மறு ஆண்டு அதே கோயிலில் அதே குழு பாடியது, கதையும் அதுவே. அருள் வந்தவர் வேறொருவர், வந்த இடமும் வேறு. நிகழ்த்துதல் ஒவ்வொன்றும் தனிப்பனுவல் என்று வகுப்பறையில் கற்றதன் பொருள் அப்போதுதான் முழுமையாக விளங்கியது.

ஏடும் அட்டையும்

மேற்கண்ட இழப்பைக் கருவியின் குறை என்று கொள்வதற்கில்லை. சேமிப்பகம் தன் வேலையைச் செய்தது. கைப்பேசியும் தன் இயல்புப்படி நடந்தது. விடுபட்டது ஒப்புநோக்கல் மட்டுமே.

ராஜபாளையத்திலிருந்து சங்கரன்கோவிலுக்குச் செல்லும் சாலையில் கரிவலம்வந்தநல்லூர் இருக்கிறது. பாண்டியர் காலச் சுவடித் தொகுதி அவ்வூர்க் கோயிலில் இருப்பதாக அறிந்து உ.வே. சாமிநாதையர் தேடிச் சென்றதையும், பழைய ஏடுகள் நெய்யில் தோய்த்து வேள்வித் தீயில் இடப்பட்டுவிட்டன என்று அங்கே அவருக்குச் சொல்லப்பட்டதையும் 'என் சரித்திரம்' படித்தோர் அறிவர். மூலம் பழுதுபட்டால் அதனை முறைப்படி நீக்குவது என்ற எண்ணத்தில் தவறில்லை. படி இருக்கிறதா, அந்தப் படி சரியானதா என்று பாராமல் நீக்கியதே இழப்பு. ஃபார்மட் விசையை அழுத்தும் ஆய்வாளர் செய்வதும் ஏறத்தாழ அதுவே. நெய் மட்டும் இல்லை.

சுவடி மரபில் படியெடுத்தபின் ஒருவர் மூலத்தைப் படிக்க, மற்றொருவர் படியைப் பார்த்துத் திருத்துவது வழக்கம். காணொளிக் கோப்பில் கோடிக்கணக்கான பைட்டுகள் உள்ளன; மனிதர் படித்துப் பார்க்க இயலாது. அதற்கு மாற்றாகக் கணினியியலில் அமைந்தது சரிபார்ப்பெண். ஒரு கோப்பின் எல்லாப் பைட்டுகளையும் ஒரு கணக்கீட்டின் வழியே செலுத்தி, நிலையான நீளமுள்ள ஒரு குறியீட்டுத் தொடரைப் பெறுகின்றனர். ரொனால்ட் ரிவெஸ்ட் உருவாக்கி 1992இல் வெளியான எம்.டி.5 முறை 32 இலக்கத் தொடரைத் தரும், எஸ்.எச்.ஏ.-256 முறை 64 இலக்கத் தொடரைத் தரும். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் தொடர் முற்றிலும் மாறிவிடும். அட்டையிலுள்ள கோப்பின் தொடரும் சேமிப்பகத்திலுள்ள கோப்பின் தொடரும் ஒன்றாயின் இரண்டும் ஒன்றே. எம்.டி.5 முறை தகவல் பாதுகாப்புத் துறையில் இன்று ஏற்கப்படுவதில்லை; வேண்டுமென்றே ஒரே தொடரைத் தரும் இரு வேறு கோப்புகளை உருவாக்க முடியும் என்பது 2004இல் மெய்ப்பிக்கப்பட்டது. ஆனால் களத்தில் நாம் அஞ்சுவது சூழ்ச்சியை அன்று, விபத்தை. அதற்கு இது போதும்.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. படியெடுத்த உடனேயே சரிபார்த்தால் கணினி சேமிப்பகத்தைப் படிக்காமல் தன் தற்காலிக நினைவகத்தில் எஞ்சியிருக்கும் தரவைப் படித்து 'சரி' என்று கூறிவிடக்கூடும். சேமிப்பகத்தை முறைப்படி வெளியேற்றி, இணைப்பைக் கழற்றி, மீண்டும் இணைத்துச் சரிபார்ப்பதே உண்மையான ஒப்புநோக்கல்.

கோப்புகளின் எண்ணிக்கையை எண்ணிப் பார்ப்பது ஒப்புநோக்கல் ஆகாது. கோப்பின் அளவை ஒப்பிடுவது அதனினும் மேல். எனினும் சில செயலிகள் முதலிலேயே முழு இடத்தையும் ஒதுக்கிக்கொண்டு பின்னர் நிரப்புவதால் அளவும் ஏமாற்றலாம். களத்தில் கணினி இல்லாத நிலையில் ஒவ்வொரு கோப்பையும் சேமிப்பகத்திலிருந்து திறந்து, தொடக்கத்திலும் நடுவிலும் இறுதியிலும் சில நொடிகள் ஓட்டிப் பார்ப்பது குறைந்தபட்சக் கடமை. இக்கட்டுரையாளர் அன்று அதைச் செய்திருந்தால் இரண்டு நிமிடத்தில் உண்மை தெரிந்திருக்கும்.

சேமிப்பகங்களின் இயல்பு

களத்தில் படியெடுப்பதற்கென்றே அமைந்த கருவிகள் புதியவை அல்ல. 2004இல் வெளியான எப்சன் பி-2000, 40 ஜிகாபைட் வன்தட்டும் அட்டைச் செருகுவாயும் திரையும் கொண்டிருந்தது. பின்னர் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் மை பாஸ்போர்ட் வயர்லெஸ் வரிசை, உள்மின்கலத்துடனும் எஸ்.டி. அட்டைச் செருகுவாயுடனும் வந்தது. அட்டையைச் செருகினால் கணினியின்றியே படியெடுத்துக்கொள்ளும் வசதி இவ்வகைக் கருவிகளின் சிறப்பு. பெரும் திரையில்லாத கருவிகளில் விளக்கு மினுக்குவதை மட்டுமே நம்ப வேண்டியிருப்பது குறை. இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் சாதாரண வன்தட்டையோ எஸ்.எஸ்.டி.யையோ மடிக்கணினியுடனோ கைப்பேசியுடனோ இணைத்தே பயன்படுத்துகின்றனர். உதவித்தொகையில் வாங்கத்தக்கதும் அதுவே.

வன்தட்டுக்குள் சுழலும் தட்டும் அதன்மேல் மயிரிழை இடைவெளியில் நகரும் படிப்புமுனையும் உள்ளன. இயங்கும்போது அதிர்ச்சி ஏற்பட்டால் தட்டில் கீறல் விழலாம். ஒலிபெருக்கிப் பெட்டியின் மேலோ மேளக்காரருக்கு அருகிலோ வைத்துப் படியெடுப்பது ஆகாது. பல கையடக்க வன்தட்டுகளுக்கு உற்பத்தியாளர் குறிக்கும் இயங்கு வெப்பநிலை 5 முதல் 35 பாகை செல்சியஸ் வரை. சித்திரை, வைகாசியில் இவ்வட்டாரத்தின் பகல்வெப்பம் அவ்வரம்பைத் தாண்டும். மூடிய வாகனத்திற்குள் இன்னும் மிகும். எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகம் இல்லாமையால் அதிர்ச்சியைத் தாங்கும், வேகமும் மிகுதி. விலை கூடுதல். பழுதுற்றால் தரவை மீட்பது வன்தட்டைவிடக் கடினமாகிவிடுவதும் உண்டு. களத்திற்கு எஸ்.எஸ்.டி., வீட்டில் நெடுநாள் வைப்புக்கு வன்தட்டு என்பது இக்கட்டுரையாளரின் தேர்வு.

மின்சாரமும் கருத்தில் கொள்ளத்தக்கது. யூ.எஸ்.பி. 2.0 இணைப்பு 500 மில்லிஆம்பியரும் யூ.எஸ்.பி. 3.0 இணைப்பு 900 மில்லிஆம்பியரும் வழங்க வேண்டும் என்பது வரையறை. கைப்பேசிகள் சில சமயம் இதற்கும் குறைவாகவே தருகின்றன. சுழலத் தொடங்கும் வன்தட்டுக்கு அது போதாமல் இணைப்பு அறுந்து அறுந்து வரும். அவ்வாறு அறும்போது கெடுவது ஒரு கோப்பு மட்டுமன்று. கேமரா அட்டைகளிலும் கையடக்கச் சேமிப்பகங்களிலும் பெரிதும் வழங்கும் எக்ஸ்-ஃபேட் கோப்பமைப்பில், எழுதும் செயல் பாதியில் நின்றால் பழைய நிலைக்கு மீளத்தக்க குறிப்பேட்டு வசதி இல்லை. முழு அடைவும் குழம்பிப்போகலாம். தனி மின்னூட்டம் கொண்ட இணைப்புப் பெட்டி ஒன்று பையில் இருப்பது நன்று. பழைய ஃபேட்32 அமைப்பில் ஒரு கோப்பு 4 ஜிகாபைட்டைத் தாண்ட இயலாது. நீண்ட பதிவு அங்கே நின்றுவிடும் என்பதால் சேமிப்பகம் எவ்வமைப்பில் உள்ளது என்பதை ஊரை விட்டுப் புறப்படுமுன் பார்த்துக்கொள்ள வேண்டும். அட்டைகளையும் அவ்வாறே சோதிக்க வேண்டும். குறைந்த கொள்ளளவை மிகுதியாகக் காட்டும் போலி அட்டைகள் சந்தையில் உள்ளன. அவை நிரம்பியபின் வரும் தரவை ஏற்பதுபோல் காட்டித் தொலைத்துவிடும். முழுக் கொள்ளளவுக்கும் எழுதிப் படித்துப் பார்க்கும் எஃப்3 போன்ற இலவச மென்பொருள்கள் இதற்கு உதவும்.

வேகத்தைப் பொறுத்தவரை யூ.எஸ்.பி. 2.0 படிப்பான் நடைமுறையில் நொடிக்கு 30 மெகாபைட் அளவே தரும். 64 ஜிகாபைட்டைப் படியெடுக்க 36 நிமிடம் ஆகும். யூ.எஸ்.பி. 3.0 படிப்பானும் நல்ல யூ.எச்.எஸ்.-1 அட்டையும் இருப்பின் நொடிக்கு 90 மெகாபைட் வரை எட்டலாம். 12 நிமிடத்தில் முடியும். இரு சேமிப்பகங்களுக்குப் படியெடுத்து, இரண்டையும் சரிபார்த்தாலும் ஒரு மணி நேரத்திற்குள் அடங்கும். முழு எச்.டி.யில் அடுத்த அட்டை நிரம்ப 170 நிமிடம் ஆகும் என்பதை இத்துடன் வைத்துப் பார்த்தால் 'நேரமில்லை' என்பது உண்மையில் படிப்பானின் குறையே எனலாம். சில நூறு ரூபாய் விலையுள்ள கருவி அது.

ஸ்ரீவில்லிபுத்தூரில்

அடுத்த களம் ஆடிப்பூர விழா. கோயிலுக்குள் நிகழும் அரையர் சேவை முதலியன உரிய அனுமதி பெற்றே பதிவு செய்யத்தக்கவை. இங்குப் பேசப்படுவது வீதியில் நிகழ்வன மட்டும். விழாவின் ஐந்தாம் நாள் இரவில் ஐந்து கருட சேவை நிகழ்கிறது. பெரிய பெருமாள், ரெங்கமன்னார், சுந்தரராஜப் பெருமாள், ஸ்ரீநிவாசப் பெருமாள், திருத்தங்கல் அப்பன் ஆகிய ஐவரும் கருட வாகனங்களில் எழுந்தருள, ஆண்டாள் அன்ன வாகனத்தில் வருவார். ஒன்பதாம் நாள் தேரோட்டம். பல வாகனங்கள் அடுத்தடுத்து வருவதால் ஒரு கேமரா போதாது. நண்பர் ஒருவர் இரண்டாம் கேமராவை இயக்கினார்.

இரு கேமராக்கள் என்றவுடன் எழும் சிக்கல் பெயர்ச் சிக்கல். ஒவ்வொரு கேமராவும் தன் கோப்புகளுக்கு 0001 என எண்ணத் தொடங்குகிறது. ஃபார்மட் செய்தபின் மீண்டும் 0001லிருந்து தொடங்கும் அமைப்பும் உண்டு. எல்லாவற்றையும் ஒரே அடைவில் இட்டால் ஒன்று மற்றொன்றை மேலெழுதும்; 'மாற்றவா?' என்று கணினி கேட்பதும், உறக்கத்தில் 'ஆம்' என்று அழுத்துவதும் நடக்கக்கூடியவையே. ஒவ்வோர் அட்டைக்கும் ஒவ்வொரு முறையும் தனி அடைவு தேவை. அடைவின் பெயரில் தேதி, ஊர்க்குறி, கேமரா எண், அட்டை எண், அன்றைய எத்தனையாவது நிரப்பு என்பவை இருந்தால் போதும்.

அடைவுப் பெயரைத் தமிழில் இடலாமா என்பது தமிழாய்வாளர்க்கு இயல்பாக எழும் கேள்வி. இட வேண்டும் என்பதே இக்கட்டுரையாளரின் விருப்பமும்; ஆயினும் ஓர் இடர் உண்டு. ஒருங்குறியில் 'ரோ' என்னும் எழுத்தின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். இரட்டைக்கொம்புக் குறியும் காலும் என இரு குறியீடுகளாகப் பிரித்தும் எழுதலாம். ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் மூன்றுக்கும் இது பொருந்தும். ஆப்பிள் கணினிகளின் பழைய கோப்பமைப்பு பெயர்களைப் பிரித்த வடிவிலேயே வைத்துக்கொள்ளும். ஆகவே 'தேரோட்டம்' என்று பெயரிட்ட அடைவு ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குச் சென்று திரும்பும்போது கண்ணுக்கு ஒன்றாகவும் கணினிக்கு வேறாகவும் தோன்றலாம். சரிபார்ப்புப் பட்டியல் 'கோப்பு இல்லை' என்று கூறும். களத்தில் அடைவுக்கு ரோமன் எழுத்தும் எண்ணும், விளக்கத்திற்குத் தமிழ்ப் பதிவேடு என்று பிரித்துக்கொள்வது இப்போதைக்குப் பாதுகாப்பு.

படியெடுக்கும்போது காணொளிக் கோப்புகளை மட்டும் பொறுக்கி எடுப்பது மற்றொரு பிழை. ஏ.வி.சி.எச்.டி. வகையில் நீண்ட பதிவு பல துண்டுகளாக உடைந்திருக்கும். அவற்றை இடைவெளியின்றி இணைக்க வேண்டிய செய்தி வேறு கோப்புகளில் இருக்கும். வில்லுப்பாட்டில் ஓர் அடியின் நடுவே ஒலி நொடிப்பொழுது விட்டுப்போவது பெரும்பாலும் இதனால்தான். அட்டையின் அடைவமைப்பை உள்ளபடியே முழுமையாகப் படியெடுப்பதே முறை.

ஐந்து கருட சேவையன்று வீதியில் மடிக்கணினியைத் திறக்க இடமில்லை. எனவே அங்கே படியெடுப்பதே இல்லை என்று முன்கூட்டி முடிவு செய்யப்பட்டது. கேமராவுக்கு மூன்று அட்டைகள் கொண்டு செல்லப்பட்டன. நிரம்பிய அட்டையின் பக்கவாட்டு விசை பூட்டு நிலைக்குத் தள்ளப்பட்டுச் சட்டையின் உட்பைக்குச் சென்றது. வெற்று அட்டை தோள்பையில் இருந்தது. இரவு அறைக்குத் திரும்பியபின் இரு சேமிப்பகங்களுக்குப் படியெடுத்துச் சரிபார்த்த பிறகும் அட்டைகள் மறுநாள் காலைவரை துடைக்கப்படவில்லை. துடைப்பவர் ஒருவர், சரிபார்ப்புப் பட்டியலில் கையொப்பமிடுபவர் மற்றவர் என்பது வழக்கமாயிற்று. ஒருவர் மட்டுமே உள்ள களப்பணியில் உறங்கி எழுந்தபின் துடைப்பது என்பதையாவது விதியாகக் கொள்ளலாம்.

பீட்டர் குரோ என்னும் ஒளிப்படக்காரர் பரப்பிய 3-2-1 நெறி பலரும் அறிந்தது: மூன்று படிகள், இருவகை ஊடகம், ஒன்று வேறிடத்தில். இங்கு 'வேறிடம்' என்பதன் பொருளைக் களத்திற்கேற்பக் கொள்ள வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்திற்குப் பேருந்தில் செல்லும்போது இரு சேமிப்பகங்களும் ஒரே பையில் இருந்தால் அவை இரண்டு படிகள் அல்ல, ஒன்றே. பை தொலைந்தால் இரண்டும் தொலையும். நண்பர் ஒன்றும் தாம் ஒன்றுமாகக் கொண்டுசெல்வது செலவில்லாத ஏற்பாடு. விழாக் குழுவினருக்கும் பாடகர்களுக்கும் ஒரு படி அளிப்பது நம் கடமை. ஆனால் அதனைப் பாதுகாப்புப் படியாகக் கணக்கிடலாகாது. அந்தப் பென் டிரைவில் அடுத்த வாரம் திரைப்படம் ஏறும். ஏறுவதில் தவறும் இல்லை.

பதிவேட்டில் எழுத வேண்டுவன

ஆய்வேடுகளின் மின்வடிவை ஒப்படைக்கும் கடமை பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு நெறிமுறைகளால் வந்தது. சோத்கங்கா தளம் அவற்றைத் தாங்கி நிற்கிறது. அங்குச் செல்வது ஆய்வேட்டின் உரை. அதற்கு ஆதாரமான காணொளிகள் பெரும்பாலும் ஆய்வாளரின் அலமாரியில் ஏதேனும் ஒரு வன்தட்டில் கிடக்கின்றன. 1982இல் தொடங்கிப் பின்னர் குர்கானுக்கு இடம்பெயர்ந்த இசையினவரைவியல் ஆவணக்காப்பகமும், ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்கள் 2003இல் தொடங்கிய பாரடிசெக் காப்பகமும் களப்பதிவுகளுக்கெனவே அமைந்தவை. இத்தகைய காப்பகம் ஒன்றிடம் ஒப்படைக்கும் நாள் வரும்போது கோப்புகளுடன் அவற்றின் சரிபார்ப்பெண் பட்டியலும் இருப்பின், களத்தில் அட்டையிலிருந்து இறங்கிய அதே கோப்புகள்தாம் இவை என்று காட்ட இயலும். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பங்களிப்புடன் உருவாகி 2018இல் ஆவணமாக வெளியான பேக்இட் முறை, கோப்புகளையும் அப்பட்டியலையும் ஒரே பொதியாகக் கட்டித் தருகிறது.

முறையியல் இயலில் இதற்கு ஒரு பக்கம் போதும். எக்கேமரா, எத்தரம், எத்தனை அட்டை, எப்போது யாரால் படியெடுக்கப்பட்டது, எம்முறையில் ஒப்புநோக்கப்பட்டது, எவை சிதைந்தன என்பவை அதில் இடம்பெற வேண்டும். கடைசிச் செய்தியை எழுதத் தயக்கம் ஏற்படுவது இயல்பு. சிதைந்த ஏட்டில் எழுத்து மறைந்த இடத்தைப் புள்ளியிட்டுக் காட்டும் பதிப்பாசிரியர் அதற்காக நாணுவதில்லை. இக்கட்டுரையாளரின் ஆய்வேட்டுப் பின்னிணைப்பில் மேற்கண்ட இரவுக்குரிய பதிவு பின்வருமாறு உள்ளது: 'கேமரா 1, அட்டை 1, முதல் நிரப்பு. இறுதிக் கோப்பு, 38 நிமிடம், படியெடுப்பில் சிதைந்தது. ஒப்புநோக்கப்படாமல் மூல அட்டை துடைக்கப்பட்டது. இப்பகுதியின் உரை தனி ஒலிப்பதிவிலிருந்து எழுதப்பெற்றது. அசைவு பற்றிய குறிப்புகள் மறுநாள் நினைவிலிருந்து எழுதப்பட்டவை. நான்காம் இயலில் சான்றாகக் கொள்ளப்படவில்லை.'